மெல்ல ஓடுக

ஓடத் தெரியாதவர் யார்? நடை பழகிய சில திங்களிலேயே குழந்தை ஓடத் தொடங்கிவிடுகிறது. தெருவில் பட்டத்தின் பின்னும், பள்ளியில் பந்தின் பின்னும் ஓடியவர்கள்தாம் நாம் எல்லோரும். பிறகு மேல்வகுப்பு வருகிறது. உடற்பயிற்சி வேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நுழைவுத் தேர்வு வருகிறது. நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் படிப்பு வருகிறது. ஒருநாள் காலை, தொம்மலூர் நிறுத்தத்தில் நகரத் தொடங்கிவிட்ட பேருந்தைப் பிடிக்க ஐம்பது கெசம் ஓடுகிறோம். படியில் ஏறி நின்றபின் மூச்சு அடங்குவதற்குள் இரண்டு நிறுத்தங்கள் கடந்துவிடுகின்றன. அருகில் அமர்ந்திருக்கும் முதியவர் இரக்கப்பட்டுத் தம் இருக்கையை விட்டுத் தருகிறார்.

இந்நிலையில் இருப்பவர் பத்துக் கிலோமீட்டர் ஓட முடியுமா? முடியும். உடலில் பெருங்குறை ஒன்றும் இல்லாதவர்க்கு நான்கு மாதங்கள் போதும். அதற்கு அவர் முதலில் கற்க வேண்டியது மெல்ல ஓடுவது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதனை அறிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. நம் சங்கத்து நண்பர்கள் சிலர் அடுத்த ஓட்டத்திற்குப் பெயர் கொடுக்க எண்ணியிருப்பதாகக் கேள்வியுற்றேன். அவர்களுக்கு அந்த ஓர் ஆண்டு வீணாக வேண்டா என்றே இதனை எழுதுகிறேன்.

பெங்களூரில் உலகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்றது. அரைமணி நேரத்திற்குள் ஓடி முடிக்கும் கிழக்கு ஆப்பிரிக்க வீரர்கள் வந்து போட்டியிடும் அதே நாளில், பல்லாயிரக்கணக்கான பொதுமக்களும் ஓடுகின்றனர் என்பதே இதன் சிறப்பு. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அது நடைபெற்றது. முழுத் தூரத்திற்குத் துணியாதவர்க்கு ‘மஜ்ஜா ஓட்டம்’ என்னும் குறுகிய ஓட்டமும் உண்டு. இவற்றையெல்லாம் ‘மாரத்தான்’ என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அது பிழை. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற அத்தொலைவு, 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. ஊரில் உள்ள பாட்டியிடம் ‘மாரத்தான் ஓடினேன்’ என்று பெருமை பேசுவோர் இதனை நினைவிற் கொள்க.

என் முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தைக்கு நாற்பத்தெட்டாம் வயதில் இதய அறுவை நடந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது ஆனபோது, இரத்தத்தில் சருக்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் கூறினார். அன்று மாலையே காலணி வாங்கினேன். மறுநாள் விடியலில் உள்வட்டச் சாலையில் இறங்கி, மேம்பாலத்தின் ஏற்றத்தை நோக்கி ஓடினேன். அறுநூறு மீட்டருக்குள் நெஞ்சு அடைத்தது, நின்றேன், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன், மீண்டும் ஓடினேன். ஓட்டம் என்றால் மூச்சுத் திணறத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். நாள் தவறாமல் இப்படி ஓடினேன். வியப்பு என்னவென்றால், இரண்டு வாரத்தில் மூச்சுத் திணறல் குறைந்தது. மகிழ்ந்து வேகத்தைக் கூட்டினேன். மூன்றாம் வாரத்தில் முன்னங்கால் எலும்பின் உட்புறம் வலி கண்டது. நான்காம் வாரத்தில் மாடிப்படி இறங்க முடியவில்லை. காலணி கட்டிலின் அடியில் பல மாதம் கிடந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. புதிதாக ஓடத் தொடங்குவோர் பலருக்கும் நேர்வது. இதன் காரணத்தை அறிந்தால் பயிற்சி முறை தானே விளங்கும்.

ஓய்வில் இருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய எழுபது முறை துடித்து, ஐந்து லிட்டர் குருதியை வெளியே அனுப்புகிறது. கடுமையாக ஓடும்போது, பயிற்சியில்லாத இளைஞனின் இதயமும் இருபது லிட்டர் அளவிற்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதி வெளிப்படுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. உயிரணுக்களுக்குள் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் பெருகுகின்றன. இவை யாவும் விரைவாக நிகழ்வன. ஆதலால் ‘இன்னும் ஓடலாம்’ என்று நெஞ்சு சொல்லத் தொடங்குகிறது.

எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைந்து மாறுவதில்லை. எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் முறையே தனி. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் கொத்தனார் முதலில் சுவரின் ஒரு பகுதியை இடிப்பது போல, அது முதலில் தன்னிற் சிறு பகுதியைக் கரைக்கிறது. பின்னரே புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்கச் சில மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட நாளில் எலும்பு முன்னினும் சற்று மெலிந்தே இருக்கும். மூச்சு தேறிவிட்டது என்று நாம் வேகத்தைக் கூட்டுவதும் சரியாக அந்த நாளில்தான்! பத்துக் கிலோமீட்டரை எண்பது நிமிடத்தில் ஓடுபவர் ஏறக்குறைய பன்னீராயிரம் முறை காலூன்றுகிறார். ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட விசை கால் வழியே செல்கிறது. ஆகவே ஓடத் தொடங்குபவன் நெஞ்சின் சொல்லைக் கேட்டு ஓடக் கூடாது. காலின் சொல்லைக் கேட்டு ஓட வேண்டும்.

இதனைத் தம் உடலிலேயே சோதித்து அறிந்தவர் நியூசிலாந்து நாட்டு ஆர்தர் லிடியார்டு. காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பால் ஊற்றியும் பிழைத்தவர். ரக்பி ஆடியவராதலால் தம் உடல் உரமானது என்று நம்பியிருந்தார். முப்பதை நெருங்கும் வயதில், நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடியபோது மூச்சு முட்டித் தளர்ந்துவிட்டார். ‘இப்போதே இப்படியானால் வயது ஏறியபின் எப்படி இருப்பேன்?’ என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. (எனக்கு இக்கவலை புதிதன்று.) பல ஆண்டுகள் பலவாறு ஓடிப் பார்த்து, மிதமான வேகத்தில் நெடுநேரம் ஓடுவதே அடித்தளம் என்று கண்டார். அவர் பயிற்றிய பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர்.

நமக்கு அதைவிட முக்கியமானது, அவர் வீரரல்லாத பொதுமக்களுக்குச் செய்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து நகரத்தில், தொந்தி விழுந்த நடுவயதினரையும், மாரடைப்புக் கண்டு தேறியவரையும் சேர்த்து மெல்லோட்டக் குழு ஒன்று அமைத்தார். ‘பயிற்சி செய், வருந்தாதே’ என்பது அக்குழுவின் கொள்கை. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அங்கே சென்றபோது, தாமும் அவர்களோடு ஓடினார். எழுபது வயது கடந்த, மாரடைப்புக் கண்ட முதியவர் ஒருவர் பேசிக்கொண்டே ஓடப் பயிற்சியாளருக்கு மூச்சு வாங்கியதாம். ஊர் திரும்பிய பௌவர்மன் மெல்லோட்டத்தை அமெரிக்காவில் பரப்பினார். இன்று நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் காணும் காட்சிக்கு அதுவும் ஒரு தொடக்கம் எனலாம்.

மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? கடிகாரமோ கைப்பேசியோ இதற்குத் தேவையில்லை. உடன் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியே ஓடுபவர், மனப்பாடமான திருக்குறள் ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீரும் இடையில் மூச்சு முறியாமல் வந்தால் வேகம் சரி. நான்காம் சீரிலேயே நின்றுவிட்டால் வேகம் மிகுதி. முதலில் இந்த வேகம் வெட்கத்தைத் தரும். விரைந்து நடப்பவர்கூட நம்மைக் கடந்து போவார். நூறடிச் சாலையில் நாய்க்குட்டியை நடத்திச் சென்ற பெரியவர் ஒருவர் என்னை முந்திச் சென்றிருக்கிறார். போகட்டும்.

அடுத்துச் செய்ய வேண்டியது தொலைவை மறந்து நேரத்தை எண்ணுவது. 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், தம் தாயைப் போன்ற, ஓடிப் பழகாதவர்களை ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்க ஒன்பது வாரத் திட்டம் ஒன்று வகுத்தார். நடையும் ஓட்டமும் மாறி மாறி வருவதே அதன் சாரம். நான் இரண்டாம் முறை தொடங்கியபோது ஏறக்குறைய அவ்வழியே சென்றேன். ஐந்து நிமிடம் விரைவு நடை; பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை; இவ்வாறு எட்டு முறை; முடிவில் மீண்டும் ஐந்து நிமிடம் நடை. வாரத்திற்கு மூன்று நாள்தான். இடையிடையே ஓய்வு நாள். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது நீட்டி, நடையைச் சிறிது குறைத்தேன். ஆறாம் வாரத்தில் ஐந்து நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும் ஆயின. பத்தாம் வாரத்தில் நில்லாமல் முப்பது நிமிடம் ஓடினேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரம் ஐந்து நிமிடம் அல்லது அதற்குச் சற்று மிகுதியாக நீட்டி, நடு நடுவே ஒரு வாரம் குறைத்து ஓடினேன். பதினைந்தாம் வாரத்தில் அறுபது நிமிடத்தை எட்டினேன். போட்டிக்கு முன் முழுப் பத்துக் கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிட்டால், கால்கள் தெளிந்துவிடும்.

‘வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது’ என்று ஒரு விதியைப் பலரும் சொல்வர். நானும் வேதமாக நம்பியிருந்தேன். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர் ஐந்நூறுக்கு மேற்பட்ட புதியவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் பதின்மூன்று வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டினர்; மற்றொரு பிரிவினர் எட்டு வாரங்களில் விரைந்து கூட்டினர். இரு பிரிவிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் காயமுற்றனர், வேறுபாடே இல்லை. ஆகவே கணக்குப் போட்டு ஓடினால் வலியே வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. வலியைக் கவனித்துக் கேட்பதுதான் மிஞ்சிய வழி. ஓடிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவி நிற்கும் நோவு இயற்கையானது, தானே தணியும். எலும்பின் மீது ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தாலும், ஓட ஓட வலி கூடினாலும், நடையே மாறி நொண்டினாலும், ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலும்பில் நுண்விரிசல் கண்டு, அதைப் பொருட்படுத்தாமல் ஓடினால் ஆறு வார ஓய்வு ஆறு மாத ஓய்வாகும்.

வலியைத் தாங்கிக்கொள்வதே வீரம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நெஞ்சைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் உயிருக்கே கேடாகலாம். ஐரோப்பியரைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே நம்மவர்க்கு நீரிழிவும் இதய நோயும் வருகின்றன. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் கூறியது. ஓட்டம் இதற்கு நல்ல மருந்து. உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலிருந்து சருக்கரையை இழுத்துக்கொள்கிறது. எனினும் இளம் வயதில் இதய நோய் கண்ட உறவினர் குடும்பத்தில் இருப்பவர், ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ கண்டவர், ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் தொடங்குமுன்பே மருத்துவரைக் காண்பது கடமை.

மாணவியர்க்குத் தனியே ஒரு சொல். எவ்வளவு மெல்ல ஓடியும், வாரங்கள் கழிந்தும் மூச்சு இரைப்பு குறையவில்லையானால், ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிட வேண்டா. குருதியில் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர்க்குச் சோகை உண்டு. எளிய இரத்தச் சோதனையில் இது தெரிந்துவிடும். தன் குறை என்று ஒருத்தி நாணியிருந்தது, சில மாத மாத்திரையில் தீர்ந்துபோகும்.

காலணியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்விரல்கள் விரிய இடமிருந்து, கடையிலேயே பத்து அடி ஓடிப் பார்த்து உறுத்தாததாக இருந்தால் போதும். விலை ஒரு பொருட்டன்று. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960-இல் ரோம் நகரத்தில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்றார் என்று சொல்லி என்னைத் தூண்டிய நண்பர் ஒருவர் உண்டு. அதே பிகிலா 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து மீண்டும் வென்றார் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். தொம்மலூர் நடைபாதையின் பெயர்ந்த கற்பலகைகளைப் பார்த்திருந்தால் பிகிலாவும் முதலிலேயே காலணி அணிந்திருப்பார்.

இருந்த இடத்திலேயே செய்யத்தக்க இரண்டு பயிற்சிகள் உள்ளன. ஒன்று, மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது. மற்றொன்று நம் பழைய தோப்புக்கரணம். முதலாவது கெண்டைக்காலையும் குதிநாணையும் வலுவாக்கும். இரண்டாவது தொடையையும் இடுப்பையும். பிள்ளையார் முன்னிலையில் போடுவதா, அறையில் போடுவதா என்பது அவரவர் கொள்கையைப் பொறுத்தது. தசைக்கு இரண்டும் ஒன்றே.

உணவிலும் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ எடையுள்ளவர் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் எழுநூறு கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தே இதற்குப் போதுமானது. வண்ணப் புட்டிகளில் விற்கும் இனிப்பு நீர் தேவையில்லை. ஓட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். தண்ணீரைத் தாகத்திற்கேற்பப் பருகினால் நன்று. அளவு மீறிக் குடித்தால் குருதியில் உப்பின் செறிவு குறைந்து தீங்கு நேரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட ஓட்டக்காரருள் 13 விழுக்காட்டினர்க்கு இவ்வாறு இருந்தது.

இனி ஊரைப் பற்றி. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்க்குக் காற்றின் மென்மை முதலில் சிறிதே தெரியும். குளிர்ச்சி அதனை ஈடுசெய்துவிடும். ஜனவரியில் தொடங்கினால், கடினமான தொடக்க வாரங்கள் குளிரிலேயே கழிந்துவிடும்; உடல் தேறத் தேற வெயிலும் ஏறும். ஏப்ரல் இந்நகரத்தின் வெப்பமான மாதமாதலால் இது நன்மையே. பழைய விமான நிலையச் சாலையில் காலை ஏழு மணிக்குமேல் ஓடுவது புகையைக் குடிப்பதாகும்; ஆறு மணிக்குமுன் அச்சாலையும் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. உட்தெருக்கள் மேல். அங்கே நாய்கள் உண்டு. அவை துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, திரும்பி, மெல்ல நடக்க வேண்டும். (பயிற்சியில் எனக்குக் கிடைத்த கட்டாய ஓய்வுகளுள் இதுவும் ஒன்று.) நான் வழக்கமாகத் திரும்பும் இடம் சொக்கநாதப் பெருமாள் கோயில். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. மூச்சு வாங்க நிற்பதற்குக் காரணம் வேண்டியிருந்த நாட்களில், கல்வெட்டைப் படிப்பதுபோல் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை விடாத கப்பன் பூங்கா நெடிய ஓட்டத்திற்கு ஏற்றது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செல்வது நலம். பேச்சுத்துணை இருந்தால் வேகமும் தானே அடங்கும்.

போட்டி நாளன்று புதுக் காலணி, புது உணவு எதுவும் வேண்டா. தொடக்கக் கோட்டில் பறையும் பாட்டும் முழங்கும். முன்னால் நிற்பவர் பறப்பார். அப்போது அவரோடு பறந்தால், ஏழாம் கிலோமீட்டரில் நடைபாதை ஓரத்தில் அவரும் நீங்களும் சேர்ந்து அமர நேரிடும். முதல் மூன்று கிலோமீட்டரில் குறளைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நடக்க வேண்டியிருந்தால் நடக்கலாம். தண்ணீர்ப் பந்தல்தோறும் ஒரு நிமிடம் நடப்பதென்று நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அவ்வாறே நடந்து, ஓடி, 84 நிமிடத்தில் முடித்தேன். அந்தத் தூரத்தை முதலில் வந்தவர் மூன்று முறை ஓடியிருப்பார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென நிற்கவோ படுக்கவோ கூடாது. விரிந்திருக்கும் குழாய்களில் குருதி காலிலேயே தேங்கி மயக்கம் வரும்; பத்து நிமிடமேனும் நடந்துகொண்டிருக்க வேண்டும். அன்று மாலை உடல் நன்றாகவே இருக்கும். மறுநாள் காலையில் படி ஏறுவது எளிதாகவும், இறங்குவது பெரும்பாடாகவும் இருக்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டியிருப்பதே காரணம். என் அறை மூன்றாம் மாடியில் உள்ளது. அந்தத் திங்கட்கிழமை நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்புறமாகத் திரும்பியே இறங்கினேன். எதிரே ஏறி வந்த வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்.